லிமாவில் ஒரு பகல்: இரண்டு விமானங்களுக்கு நடுவே ஊர் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

பெரு நாட்டு மலைகளில் இருக்கும் இன்கா காலத்து நகரமான மாச்சு பிச்சுவைப் பார்க்கப் போகும் பெரும்பாலோருக்கு லிமா வழியில் வந்துவிடும். ஐரோப்பாவிலிருந்து வந்தாலும் வட அமெரிக்காவிலிருந்து வந்தாலும் பெருவின் தலைநகரான லிமாவில் இறங்கி, உள்நாட்டு விமானம் மாறித்தான் பெரும்பாலும் மாச்சு பிச்சுவுக்கு வாசலான குஸ்கோ நகரத்துக்குப் போக வேண்டியிருக்கும். திரும்பும்போதும் அதே பாதைதான். குஸ்கோ விமானங்கள் பெரும்பாலும் பகலில் ஓடும். அமெரிக்காவுக்குப் போகும் விமானங்கள் பலவும் நள்ளிரவை ஒட்டித்தான் லிமாவிலிருந்து கிளம்பும். அதனால் நிறையப் பேருக்கு எட்டு மணி நேரமோ பதினான்கு மணி நேரமோ கையில் மிஞ்சும். அந்த நேரத்தை விமான நிலையத்து நாற்காலியிலேயே கழித்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது.

நான் இந்த ஊரில் இப்படி இரண்டு முறை இடையில் தங்கியிருக்கிறேன். முதல் முறை ஆறு இடங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கிளம்பினேன். அதில் மூன்றைத்தான் பார்த்தேன், மூன்றிலும் நிற்க நேரமில்லை. மாலையில் ஹவியேர் பிராதோ என்னும் பெருஞ்சாலையில் வண்டி நகராமல் நின்றது. விமான நிலையத்துக்குள் ஓடி நுழைந்தபோது செக்-இன் கவுண்டரை மூடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் முறை இரண்டே இடம் என்று முடிவு செய்தேன்: ஒரு அருங்காட்சியகம், ஒரு கடற்கரை. நடுவில் நிதானமாக ஒரு மதியச் சாப்பாடு. லிமா என்றால் இன்றைக்கும் என் மனதில் இருப்பது அந்த இரண்டாவது பகல்தான். கீழே இருப்பதெல்லாம் அந்த அனுபவத்திலிருந்து வந்தது.

முதலில் நேரக் கணக்கு

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். அடுத்த விமானம் சர்வதேச விமானம் என்றால், கிளம்பும் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் நிலையத்தில் இருக்க வேண்டும். ஊருக்குள்ளிருந்து நிலையம் வர ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். மாலை ஐந்திலிருந்து எட்டு மணிக்குள் என்றால் இரண்டு மணி நேரம்கூட ஆகும். இறங்கி வெளியே வர, உள்நாட்டு விமானத்திலிருந்து என்றால் அரை மணி, வெளிநாட்டிலிருந்து என்றால் ஒன்று முதல் ஒன்றரை மணி. பிறகு ஊருக்குள் போக இன்னொரு மணி நேரம்.

இதையெல்லாம் கழித்தால் பத்து மணி நேர இடைவெளியில் கைக்கு மிஞ்சுவது நாலு மணி நேரம். எட்டு மணி நேரத்தில் இரண்டு. ஆறு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் வெளியே போகாதீர்கள். அந்தப் பதற்றத்தில் எதையும் பார்த்த மாதிரி இருக்காது.

என் கணக்கு இப்படி. ஏழெட்டு மணி நேரம் என்றால் லார்கோ அருங்காட்சியகம் மட்டும். அது நிலையத்துக்கும் கடற்கரைப் பகுதிக்கும் நடுவில் இருக்கிறது, அதனால் அங்கே போய்விட்டுத் திரும்புவது எளிது. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் லார்கோ, அப்புறம் மிராஃப்ளோரஸ் கடலோரம். பதினாலு மணி நேரத்துக்கு மேல் என்றால் பழைய நகர மையத்தையோ பர்ராங்கோ பகுதியையோ சேர்த்துக்கொள்ளலாம். இரண்டையும் சேர்க்க வேண்டாம்.

குஸ்கோவிலிருந்து திரும்பும் நாளில் ஊர் பார்க்க நினைத்தால், அங்கிருந்து கிளம்பும் முதல் விமானங்களில் ஒன்றைப் பிடியுங்கள். மலைப்பகுதி என்பதால் வானிலை பார்த்துத்தான் அங்கே விமானம் ஏறும், இறங்கும். மதிய விமானத்தை நம்பினால், அது தாமதமானதும் லிமா பார்க்கும் வாய்ப்பு போய்விடும். சில சமயம் அடுத்த விமானமும் சேர்ந்து போய்விடும்.

ஊரிலிருந்து கிளம்பும் முன் முடிக்க வேண்டிய இரண்டு வேலைகள்

ஒன்று விசா. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றில் ஒன்றின் விசாவைக் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும்படி வைத்திருந்தால், சுற்றுலாவுக்குப் பெரு விசா தேவையில்லை. அந்த நாடுகளில் நிரந்தரக் குடியிருப்பு அட்டை இருந்தாலும் போதும். ஆறு மாதம் என்பதைக் கவனியுங்கள். விசா இருக்கிறதே என்று நம்பி, அது மூன்று மாதத்தில் முடியப்போவதைப் பார்க்காமல் போனால், விமானம் ஏறும் இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். இப்படி எந்த விசாவும் இல்லாதவர்கள் பெரு தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுகளுக்கு விசா வேண்டாம். விதிகள் மாறக்கூடியவை என்பதால் டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத்தின் இணையதளத்தை ஒருமுறை பாருங்கள்.

இரண்டாவது வேலைதான் பலரும் மறப்பது: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. லிமா நகரத்தில் அந்த நோய்க்கான ஆபத்து இல்லை. அது அமேசான் காட்டுப் பக்கத்துச் சிக்கல். ஆனால் இந்தியாவின் விதி நகரத்தைப் பார்ப்பதில்லை, நாட்டைப் பார்க்கிறது. பெருவிலிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்கினால், தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்பார்கள். மஞ்சள் நிறத்தில் சின்னப் புத்தகம் போல இருக்கும். அது இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. பிரேசில், கொலம்பியா, அர்ஜென்டினா, பொலிவியா வழியாக வந்தாலும் இதே கதைதான். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அதனால் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். சாதாரண ஆஸ்பத்திரிகளில் இந்த ஊசி கிடைக்காது, அரசு அங்கீகரித்த மையங்களில்தான் கிடைக்கும். முன்பதிவு முறை இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போங்கள். முட்டை ஒவ்வாமை இருப்பவர்களும் அறுபது வயதைத் தாண்டியவர்களும் முதலில் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டு அங்கிருந்தே போய் வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதே பயணத்தில் நேராக ஊருக்கு வருவதாக இருந்தால் இதே விதி உங்களுக்கும் உண்டு.

இறங்கியதும்

லிமாவின் ஹோர்ஹே சாவேஸ் விமான நிலையம் நகரத்துக்குள் இல்லை, பக்கத்துத் துறைமுக நகரமான கயாவோவில் இருக்கிறது. 2025 ஜூன் முதல் புதிய முனையம் இயங்குகிறது. பழைய பயணக் குறிப்புகளில் "வாசலைத் தாண்டி சாலைக்கு நடந்து போய் டாக்ஸி பிடியுங்கள்" என்றிருந்தால் அதை விட்டுவிடுங்கள். இப்போதைய முனையம் வேறு இடத்தில், வேறு சாலையில் இருக்கிறது. சுற்றியுள்ள பகுதியும் நடந்து போவதற்கு உகந்ததல்ல.

வெளிநாட்டிலிருந்து வந்து குஸ்கோவுக்கு மாறுகிறவர்கள் பெட்டியை லிமாவிலேயே எடுத்து, சுங்கச் சோதனை முடித்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். குஸ்கோவிலிருந்து திரும்பி ஒரே டிக்கெட்டில் வெளிநாடு போகிறவர்களுக்குப் பெட்டி பொதுவாகக் கடைசி ஊர் வரை போய்விடும். குஸ்கோ கவுண்டரில் பெட்டிச் சீட்டில் எந்த ஊர் எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டி உங்கள் கையில்தான். அப்படி வந்தால் மிராஃப்ளோரஸில் ஒரு சின்ன ஹோட்டலில் அறை எடுத்துவிடுவது நல்லது. பெட்டிக்கு இடமாச்சு, ஒரு குளியலும் ஆச்சு. நீண்ட விமானப் பயணத்துக்கு முன் அந்தக் குளியலின் அருமை தனி.

பணம் சோல். ஒரு சோல் ஏறக்குறைய 25 ரூபாய். ரூபாயை அங்கே யாரும் மாற்றித் தர மாட்டார்கள், டாலர் கொண்டு போங்கள். டாலர் நோட்டில் சின்னக் கிழிசல் இருந்தாலும் கடைக்காரர் தள்ளிவிடுவார். அதனால் புத்தம் புதிதாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். நிலையத்தில் கொஞ்சம் மட்டும் மாற்றினால் போதும். மிராஃப்ளோரஸ் மாற்றுக் கடைகளில் விலை நன்றாக இருக்கும்.

டாக்ஸிகளில் மீட்டர் கிடையாது. ஏறும் முன் விலை பேச வேண்டும். ஸ்பானிஷ் தெரியாமல் அந்தப் பேரத்தில் இறங்காமல், ஊபர், கேபிஃபை போன்ற செயலிகளிலோ முனையத்துக்குள் இருக்கும் அதிகாரப்பூர்வ டாக்ஸி கவுண்டரிலோ வண்டி எடுங்கள். வருகைக் கூடத்தில் கையைப் பிடித்துக் கூப்பிடுகிறவர்களோடு போக வேண்டாம். வண்டியில் உட்கார்ந்ததும் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள், போனை மடிக்குக் கீழே வையுங்கள். சிக்னலில் ஜன்னல் வழியாகப் போனைப் பறிப்பது லிமாவில் நிஜமாகவே நடக்கிற விஷயம்.

மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: லிமா ஏறக்குறைய கடல்மட்டத்தில்தான் இருக்கிறது. 3,400 மீட்டர் உயரத்துக் குஸ்கோவில் படியேறும்போது வாங்கிய மூச்சு இங்கே வாங்காது.

லார்கோ அருங்காட்சியகம்: இரண்டு மணி நேரம் கொடுங்கள்

லிமாவில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். புவெப்லோ லிப்ரே பகுதியில், பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகை ஒன்றில் இருக்கிறது. சுவரெல்லாம் காகிதப்பூக் கொடி வழியும். ரஃபாயேல் லார்கோ ஓய்லே 1926இல் தொடங்கியது. வாரத்தின் ஏழு நாளும் திறந்திருக்கும் என்பது இடையில் தங்குகிறவர்களுக்குப் பெரிய வசதி.

பெரு என்றாலே இன்கா என்று நினைத்துக்கொண்டு போகிறோம். இன்காப் பேரரசு நூறு ஆண்டுகள் அளவுக்குத்தான் ஓங்கியிருந்தது. அதற்கு முன்னால் அந்த நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வேறு வேறு மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களில் மோச்சே என்னும் வடகடற்கரை மக்களை லார்கோவில் நிதானமாகப் பாருங்கள். ஏறக்குறைய கி.பி. 100 முதல் 800 வரை வாழ்ந்தவர்கள், எழுத்து இல்லாதவர்கள். ஆனால் அவர்களுடைய குயவர்கள் மனித முகத்தையே பானையாக வனைந்தார்கள். சிரிப்பவர், நோயாளி, கண் பார்வை இல்லாதவர், தலைவர் என்று ஒவ்வொன்றும் தனி ஆள். ஒரே மனிதரைச் சிறுவனாகவும் பெரியவனாகவும் வனைந்த பானைகளும் மோச்சே மண்ணில் கிடைத்திருக்கின்றன. அந்த முகங்களுக்கு முன்னால் நிற்கும்போது ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு இடைவெளி எங்கே போனதென்றே தெரியாது.

அப்புறம் பயிர்களை வடித்த பானைகளைத் தேடிப் போங்கள். சோளக்கதிர், உருளைக்கிழங்கு, வேர்க்கடலை எல்லாம் அப்படியே மண்ணில் இருக்கும். நம் சமையலறையில் தினமும் புழங்குகிற பல பொருள்களுக்குத் தாய்நிலம் இந்தக் கண்டம். மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி, வேர்க்கடலை, சீத்தா, கொய்யா, பப்பாளி, முந்திரி எல்லாமே ஐரோப்பியக் கப்பல்கள் அமெரிக்கக் கண்டங்களைத் தொட்ட பிறகு நம்மிடம் வந்தவை. வடதமிழ்நாட்டில் வேர்க்கடலையை மணிலாக்கொட்டை என்கிறோம். அது மணிலா வழியாக வந்ததை அந்தப் பெயரே சொல்கிறது. அதே கடலையை ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையான ஒரு பானையின் உடம்பில், ஓட்டின் குழிவரிகள் மாறாமல் பார்த்தபோது, எங்கள் ஊர்க் களத்தில் காயப்போட்ட கடலைதான் நினைவுக்கு வந்தது.

இன்னொன்று கீப்பு. முடிச்சுப் போட்ட நூல் கொத்து. இன்கா அரசு மக்கள்தொகையையும் வரியையும் களஞ்சியக் கணக்கையும் இதில்தான் வைத்திருந்தது. முடிச்சின் வகை, அது இருக்கும் இடம் ஆகியவற்றை வைத்து எண்ணைப் படிப்பார்கள். எண் முடிச்சுகளை இன்று படிக்க முடிகிறது. கதையோ செய்தியோ கூட அவற்றில் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பலர் தவறவிடுவது கிடங்கை. மற்ற அருங்காட்சியகங்கள் பூட்டி வைக்கும் சேமிப்பு அறையை லார்கோ திறந்து வைத்திருக்கிறது. தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி அலமாரி, உள்ளே வரிசை வரிசையாக ஆயிரக்கணக்கான பானைகள். ஆந்தைகள் ஒரு அலமாரி, நாய்கள் ஒரு அலமாரி, மனிதத் தலைகள் ஒரு அலமாரி. முக்கியக் கூடத்தில் அரை மணி நேரத்தைக் குறைத்தாவது இங்கே போய் நில்லுங்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒரு தகவல்: உடலுறவுக் காட்சிகளை வடித்த பானைகளுக்கென்று தனிக்கூடம் இருக்கிறது. கட்டடத்தில் தனியாக இருப்பதால் வேண்டாமென்றால் எளிதாக விலகிப் போகலாம்.

மதியச் சாப்பாடு

பெரு மக்கள் சமையலைப் பற்றிப் பேசும்போது குரலே மாறும். அந்தப் பெருமைக்குக் காரணம் இருக்கிறது. செவிச்சேவில் தொடங்குங்கள். பச்சை மீனைத் துண்டு போட்டு, எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகாய், வெங்காயத்தோடு பிசைந்து உடனே பரிமாறுவார்கள். சாற்றின் புளிப்பிலேயே மீன் வெளுத்து இறுகும். அடுப்பே பற்றவைப்பதில்லை. கூடவே சர்க்கரைவள்ளிக்கிழங்கும் பெரிய மணிச் சோளமும் வரும். யுனெஸ்கோ 2023இல் இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. லிமாக்காரர்கள் செவிச்சேவை மதியத்தில்தான் சாப்பிடுவார்கள். விடியற்காலையில் வந்த மீன் இரவுக்கு ஆகாது என்பது அவர்கள் கணக்கு. நல்ல செவிச்சேக் கடைகள் மாலைக்குள் மூடிவிடும். அதனால் பன்னிரண்டரை, ஒரு மணிக்கே போய் உட்காருங்கள். நீண்ட விமானப் பயணத்துக்கு முன் பச்சை மீன் வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் சரிதான். கூட்டமில்லாத கடையில் மட்டும் அதைத் தொடாதீர்கள்.

சைவர்கள் கவலைப்பட வேண்டாம், கொஞ்சம் கவனம் மட்டும் வேண்டும். "வெஜிடேரியானோ" என்று சொன்னால் சில கடைகளில் கோழி போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். "ஸின் கார்னே, ஸின் போயோ, ஸின் பெஸ்காதோ" என்று சொல்லுங்கள். இறைச்சி வேண்டாம், கோழி வேண்டாம், மீன் வேண்டாம் என்று பொருள். பாப்பா ஆ லா வாங்காயினா என்பது வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் மஞ்சள் மிளகாயும் பாலாடைக்கட்டியும் அரைத்து ஊற்றியது. நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். மேலே வைக்கும் முட்டையை வேண்டாமென்று சொல்லலாம். தாக்கு தாக்கு என்பது சோற்றையும் வெந்த பயறையும் பிசைந்து தோசைக்கல் சூட்டில் மொறுமொறுப்பாக்கியது. அஹி தே கயினா என்ற பெயரில் இருக்கும் மஞ்சள் குழம்பு பார்க்க நம் குருமா போல இருக்கும், ஆனால் அது கோழி. குடிக்க சிச்சா மொராதா கேளுங்கள். ஊதாச் சோளத்தைப் பட்டை, கிராம்பு, அன்னாசித் தோலோடு கொதிக்கவைத்து ஆற்றிய இனிப்புப் பானம் அது. குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள், பாட்டில் தண்ணீர்தான்.

மிராஃப்ளோரஸ் எல்லையை ஒட்டிச் சுர்கியோ சந்தை இருக்கிறது. உணவகத்தை விட எனக்குப் பிடித்தது அந்தச் சந்தைதான். அரை மணி நேரமாவது சுற்றுங்கள். நம் சீத்தாவுக்கு அக்கா மாதிரி ஒரு சிரிமோயா, சீத்தாவை விடப் பெரியது, சதை வழவழப்பாக இருக்கும். லூக்குமா என்ற பழம் வேகவைத்த முட்டையின் மஞ்சள்கரு போல மாவாக இருக்கும், அதனால் ஐஸ்கிரீமாகச் சாப்பிடுவதே மேல். அகுவாய்மாந்தோவைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். வரப்போரம் பறித்து நெற்றியில் உடைக்கும் சொடக்குத் தக்காளியின் சொந்தக்காரப் பழம் அது, அதே காகித உறையோடு. மிளகாய்க் கடையில் ரொக்கோத்தோ என்று ஒன்று சின்னத் தக்காளி போலச் சாதுவாக இருக்கும். உள்ளே விதை கறுப்பு, காரம் கடுமை. நாம் காரம் தின்று வளர்ந்தவர்கள்தானே என்று அப்படியே கடித்துவிட வேண்டாம்.

கடலோரம்

லிமா ஒரு செங்குத்தான மண்பாறை விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. கீழே பசிபிக் பெருங்கடல். மிராஃப்ளோரஸில் அந்த விளிம்பு நெடுக மலெக்கோன் என்னும் பூங்காப் பாதை. ஒரு மணி நேரம் நடந்தால் போதும், இந்த ஊரின் அழகு புரிந்துவிடும். கலங்கரை விளக்கத்திலிருந்து தெற்கே நடங்கள். வழியில் பாராசூட் போலத் துணி விரித்துப் பறக்கிறவர்கள் உங்கள் கண் மட்டத்துக்கே வருவார்கள். அப்புறம் காதல் பூங்கா. 1993 காதலர் தினத்தன்று திறந்தது. சிற்பி விக்தோர் தெல்ஃபீன் செய்த பெரிய முத்தச் சிலை நடுவில், சுற்றிலும் உடைந்த ஓட்டுச் சில்லுகளில் கவிதை வரிகள் பதித்த வளைந்த சுவர். இன்னும் நடந்தால் பாறைச் சரிவுக்குள்ளேயே கட்டிய லார்கோமார் வணிக வளாகம். கழிப்பறை, காபி, வைஃபை எல்லாம் அங்கே கிடைக்கும்.

எந்த மாதத்தில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கடல் வேறாக இருக்கும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வெயில், நீலக் கடல், நல்ல சூரிய அஸ்தமனம். ஜூன் முதல் அக்டோபர் வரை வானம் சாம்பல் நிறத்தில் மூடியே கிடக்கும். லிமாக்காரர்கள் அதைக் "கழுதை வயிறு" என்பார்கள். அந்த நிறம் அப்படியே பொருந்தும். தெற்கிலிருந்து வரும் ஹும்போல்ட் குளிர் நீரோட்டம் கடலோரக் காற்றைக் குளிர்விக்கிறது. அதனால் மேகம் தாழ்வாகக் கவிந்து நிற்குமே தவிர, மழையாகப் பெய்யாது. காரூவா என்னும் மெல்லிய பனித்தூறல் மட்டும் முகத்தில் படும். ஒரு கோடிப் பேர் வாழும் இந்த நகரம் பாலைவனத்தில் இருக்கிறது என்பதை அந்த ஈரத்தில் நம்புவது கடினம். குடை வேண்டாம், ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும். சாம்பல் வானத்தைப் பார்த்து மனம் தளராதீர்கள். மூடுபனிக்குள்ளிருந்து அலைச்சத்தம் மட்டும் மேலே ஏறிவரும் அந்த நடையும் எனக்குப் பிடிக்கும்.

இங்கேயே நேரம் மிச்சமானால், வீடுகளுக்கு நடுவில் நிற்கும் வாகா புக்யானாவுக்குப் போகலாம். ஏறக்குறைய கி.பி. 200 முதல் 700 வரை லிமா பண்பாட்டு மக்கள் பச்சைச் செங்கல்லால் கட்டிய கோயில் மேடு. செங்கற்களைப் படுக்கவைக்காமல், அலமாரியில் புத்தகம் அடுக்குவது போல நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறார்கள். நிலநடுக்கத்தில் கற்கள் கொஞ்சம் அசைந்துகொடுக்கும், சுவர் விழாது. வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், ஒரு மணி நேரம் ஆகும். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

பழைய நகரமா, பர்ராங்கோவா?

நீண்ட இடைவெளி கிடைத்தவர்களுக்கு மட்டும் இது.

வரலாறு பிடித்தவர்கள் காலையில் முதல் வேலையாக நகர மையத்துக்குப் போங்கள். 1535 ஜனவரி 18 அன்று, இன்காப் பேரரசை வீழ்த்திய ஸ்பானியத் தளபதி பிசாரோ இந்த நகரத்தைத் தொடங்கிய சதுக்கம் அங்கேதான் இருக்கிறது. பேராலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. நெடுங்காலம் வேறு யாருடைய உடலையோ அவருடையது என்று காட்சிக்கு வைத்திருந்தார்கள். 1977இல் நிலவறையில் பெயர் பொறித்த ஈயப்பெட்டி கிடைத்த பிறகுதான் உண்மை தெரிந்தது. பக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ மடத்தின் அடியில் எலும்புகளை வட்ட வட்டமாக அடுக்கிய நிலவறைகள். தாழ்வான இடம், இறுக்கமான இடங்களில் மூச்சு முட்டுகிறவர்கள் தவிர்க்கவும். கத்தோலிக்க வாசகர்கள் சதுக்கத்திலிருந்து ஒரு தெரு தள்ளி இருக்கும் சாந்தோ தொமிங்கோ மடத்துக்குப் போகாமல் வர மாட்டார்கள். லிமாவின் புனித ரோசாவும், துடைப்பத்தோடு நிற்கும் புனித மார்ட்டின் தே போரசும் அங்கேதான் அடக்கம். அக்டோபரில் அற்புதங்களின் ஆண்டவர் ஊர்வலம் நடக்கும் நாள்களில் ஊரே ஊதா உடுத்தித் தெருவில் இறங்கும். பார்க்கக் கண்கொள்ளாது. ஆனால் வண்டி நகராது. விமானம் பிடிக்க வேண்டிய நாளில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

வெறுமனே உலாவப் பிடித்தவர்களுக்கு பர்ராங்கோ. மிராஃப்ளோரஸுக்கு அடுத்த பகுதி, பழைய வண்ண வீடுகள், சுவரோவியங்கள். பெருமூச்சுப் பாலம் என்று 1876இல் கட்டிய மரப்பாலம் ஒன்று உண்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தால் நினைத்தது நடக்கும் என்பார்கள். மாலையில் பிக்கரோனஸ் விற்பார்கள். பூசணியும் சர்க்கரைவள்ளியும் பிசைந்து வளையமாகச் சுட்டு, வெல்லப்பாகு போன்ற பாகை ஊற்றித் தருவார்கள். பார்க்க நம் அதிரசத்தின் தூரத்து உறவு போல இருக்கும். எனக்குக் கேட்டால், திரும்பும் வழிச் சிக்கல் குறைவு என்பதால் பர்ராங்கோ என்பேன்.

திரும்பும் நேரம்

ஒரு மாதிரி நாள் சொல்கிறேன். குஸ்கோவிலிருந்து காலை 9 மணிக்கு லிமாவில் இறங்குகிறீர்கள், நள்ளிரவு 12 மணிக்கு அடுத்த விமானம். 10:30க்கு லார்கோ. 12:30க்கு அங்கிருந்து கிளம்பி, 1:15க்குச் சாப்பாடு. மூன்று மணிக்குச் சந்தை. நாலு மணிக்கு மலெக்கோன். சூரியன் ஆறு, ஆறரைக்குள் மறைந்துவிடும். ஏழு மணிக்கு வண்டியில் ஏறிவிடுங்கள். எல்லாம் சரியாகப் போனால் எட்டேகாலுக்கு நிலையம், நெரிசல் என்றால் ஒன்பது. இந்த ஏழு மணி என்பதை மட்டும் நகர்த்தாதீர்கள். செயலியில் வண்டி போடும்போது கடலோரச் சாலையான கோஸ்தா வெர்தே வழியாகப் போகச் சொல்லிப் பாருங்கள். பாறைக்கு அடியிலேயே ஓடும் அந்தச் சாலை பெரும்பாலும் ஊருக்குள் போவதை விட வேகமாக இருக்கும்.

பெட்டியை மூடும் முன் ஒன்றைப் பாருங்கள். குஸ்கோவில், மலை உயரத்தால் வரும் தலைச்சுற்றலுக்காக, கொக்கெய்ன் எடுக்கும் செடியான கோக்காவின் இலையும் கோக்கா தேநீர்ப் பைகளும் எல்லாக் கடையிலும் விற்கும், விடுதியில் சும்மாவே தருவார்கள். பெருவில் அது சட்டத்துக்கு உட்பட்டது. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் அது போதைப்பொருள் சட்டத்தில் மாட்டும். ஒரு தேநீர்ப் பை கூட வேண்டாம், லிமாவிலேயே போட்டுவிடுங்கள். பழம், விதை, கிழங்கு எதையும் கொண்டுவர முயலாதீர்கள். கடையில் அடைத்து விற்கும் சாக்லேட், அல்பாக்கா கம்பளித் துணி இரண்டும் நல்ல பரிசுப் பொருள்கள்.

மஞ்சள் சான்றிதழைப் பெட்டிக்குள் போட்டுவிடாமல் பாஸ்போர்ட்டோடு கைப்பையில் வையுங்கள். சில சமயம் விமானம் ஏறும்போதே கேட்பார்கள். இந்தியாவில் இறங்கினால், குடியேற்ற வரிசைக்கு முன்னால் இருக்கும் சுகாதார மேசையில் முதலில் காட்ட வேண்டியது அதைத்தான்.